அப்துலுக்கும் காதருக்கும் நடுவே

அப்துல் என்று ஒரு பெயர் கிடையாது.

உங்கள் அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஒரு அப்துல் நிச்சயம் இருப்பார். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார். ஆனால் அரபி தெரிந்த ஒருவரிடம் போய் ‘அப்துல் வந்தான்’ என்று சொன்னால், அவர் காதில் ‘இன்னாருடைய அடிமை வந்தான்’ என்பதுபோல விழும். அந்த இன்னார் யார் என்பது மட்டும் இருக்காது. மீதிச் சொல் எங்கே என்று அவர் காத்துக்கொண்டிருப்பார்.

அப்துல் காதர் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். என் வாப்பாவின் பெயர் அது. அரபியில் அப்துல் காதிர். அதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. ‘அப்து’ என்றால் அடிமை, ஊழியன், வணங்குகிறவன். ‘அல்’ ஆங்கிலத்தின் ‘தி’ மாதிரி, குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டுவது. ‘காதிர்’ என்றால் ஆற்றல் உடையவன், அதாவது இறைவன். மூன்றும் சேர்ந்து ‘ஆற்றலுடையவனின் அடிமை’. பள்ளிக்கூடத்தில் படித்த ஆறாம் வேற்றுமைத் தொகைதான். அரபு இலக்கணத்தில் இதை இளாஃபத் என்பார்கள். முதல் சொல்லின் பொருள் இரண்டாவது சொல் வந்து சேர்ந்தால்தான் முடியும்.

இப்போது வெட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அரபியில் எழுதும்போதும் இந்தப் பெயரின் நடுவே ஒரு இடைவெளி உண்டு. அது ‘அப்து’வுக்கும் ‘அல்காதிரு’க்கும் நடுவில் விழும். ‘அல்’ என்பது காதிரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சொல். ஆங்கிலத்திலும் தமிழிலும் நாம் அந்த ‘ல்’லைப் பிடுங்கி முன்சொல்லோடு ஒட்டி, ‘அப்துல்’ என்று ஆக்கி, அதற்குப் பிறகு இடைவெளி விடுகிறோம். ‘தென்னைமரம்’ என்பதைத் ‘தென்னைம ரம்’ என்று பிரித்து எழுதியதுபோல.

‘அப்து’வில் இருக்கிற அந்த ‘உ’வுக்கும் ஒரு கதை உண்டு. அது எழுவாய் வேற்றுமையின் விகுதி. அப்துல் காதிர் வந்தார் என்றால்தான் ‘அப்துல்’. அவரைப் பார்த்தேன் என்றால் செவ்வியல் அரபியில் ‘அப்தல் காதிர்’. அவரிடமிருந்து வாங்கினேன் என்றால் ‘அப்தில் காதிர்’. ஒரு சொல் மூன்று விதமாக அசைந்துகொண்டிருந்தது. அதில் ஒரு அசைவைப் பிடித்து நிறுத்தி பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறோம்.

*

நான் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் குழுவில் வேலை பார்க்கிறேன். ஒரே வாடிக்கையாளர் இரண்டு மூன்று பதிவுகளில் வேறு வேறு எழுத்துகளில் சிதறிக் கிடந்தால், அவர்களைக் கண்டுபிடித்து ஒன்றாக்குகிற வேலை. பெயர்களோடு பெயராகத்தான் பகல் போகும்.

இந்தத் துறையில் சவுண்டெக்ஸ் என்று ஒரு பழைய முறை இருக்கிறது. 1918ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஒரு பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மிச்ச மெய்யெழுத்துகளை எண்களாக்கும். காதிர் என்ற பெயரை அதில் போட்டால், வளைகுடாவில் எழுதுவதுபோல ‘க்யூ’வில் தொடங்கினால் க்யூ360. தமிழ்நாட்டில் எழுதுவதுபோல ‘கே’யில் தொடங்கினால் கே360. இலங்கையில் பலர் எழுதுவதுபோல ‘சி’யில் தொடங்கினால் சி360. எண்கள் மூன்றிலும் ஒன்றுதான். முதல் எழுத்து வேறு என்பதால் மூவரும் வேறு வேறு ஆட்கள் என்று அது சொல்லிவிடும். ஒரே தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிற மூன்று காதர்கள், டேட்டாபேஸில் மூன்று ஊர்க்காரர்கள்.

2010ல் பேட்ரிக் மெக்கன்ஸி என்ற நிரலாளர் பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் பொய்கள் என்று ஒரு பட்டியல் எழுதினார். எல்லோருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் உண்டு என்பது மாதிரியான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக உடைக்கிற பட்டியல் அது. எங்கள் துறையில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. படித்துவிட்டு அடுத்த நாள் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு பெட்டி வைத்து ஃபார்ம் செய்கிறவர்கள்தான் அதிகம்.

என் பெயருக்குப் பின்னால் வாப்பாவின் பெயர் வருகிறது. நான் முதன்முதலில் சேர்ந்த கம்பெனியில் அதை மூன்றாகப் பிரித்துப் போட்டார்கள். முதல் பெயர் நான். நடுப்பெயர் அப்துல். கடைசிப் பெயர் காதர். வெளிநாட்டுக் குழுவோடு பேசும்போது ‘மிஸ்டர் காதர்’ என்பார்கள். திரும்பிப் பார்க்கத் தோன்றும், பின்னால் வாப்பா நிற்கிறாரா என்று. இன்னொரு மேனேஜர் ஒன்றரை வருடம் என்னை ‘ஹாய் அப்துல்’ என்றே அழைத்தார். நல்ல மனுஷன்தான். அவருக்கு முன்னால் இருந்த திரை அப்படிக் காட்டியது.

கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு லெக் ஸ்பின்னர் அப்துல் காதிரைத் தெரியும். 1987ல் லாகூரில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 56 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தவர். அவருடைய மகனும் பாகிஸ்தானுக்கு லெக் ஸ்பின் போட்டார். அவர் பெயர் உஸ்மான் காதிர். அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெயர் இறங்கும்போது அடிமை நின்றுவிட்டது, ஆற்றலுடையவன் மட்டும் இறங்கினான். உலகம் முழுக்க இந்தப் பெயருக்கு இதுதான் நடக்கிறது.

*

ஒரு குழந்தைக்குப் போய் அடிமை என்று பெயர் வைப்பார்களா? கல்லூரியில் ஒரு நண்பன் கேட்டான். அவன் பெயர் சிவதாசன். கேட்டு முடித்ததும் அவனே சிரித்துவிட்டான்.

தாசன், அடியான், தொண்டன் எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள். கண்ணதாசன் தானே விரும்பி அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார். பாரதிதாசன் ஒரு கவிஞனுக்கே தாசன் ஆனார். தமிழில் ஆண்டவன் முன்னால் வருவான், அடிமை பின்னால் வருவான். அரபியில் அடிமை முன்னால் நிற்பான். வெட்டும்போதுதான் இந்த வரிசை முக்கியமாகிறது. தேவதாஸைச் சுருக்கினால் ‘தாஸ்’ கிடைக்கிறார், யாருக்கு தாஸ் என்று தெரியாது. அப்துல் காதரைச் சுருக்கினால் கிடைக்கிற அப்துலும் அதே கதி.

‘அப்து’ இஸ்லாத்துக்கு முந்திய சொல். எபிரேயத்தில் ஒபதியா என்றால் யாவேயின் ஊழியன், அதே வேர். பைபிளில் அந்தப் பெயரில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார். இஸ்லாத்துக்கு முந்திய மக்காவில் சூரியனின் அடிமை என்ற பொருளில் அப்து ஷம்ஸ் என்று பெயர் இருந்தது. உஸ்ஸா என்ற பெண்தெய்வத்தின் அடிமையாக அப்துல் உஸ்ஸா இருந்தார். நபியின் பாட்டனார் அப்துல் முத்தலிபுடைய இயற்பெயர் ஷைபா. யத்ரிபில் தாய்வீட்டில் வளர்ந்த பையனை அவருடைய சித்தப்பா முத்தலிப் ஒட்டகத்தில் பின்னால் உட்கார வைத்து மக்காவுக்குள் கூட்டிவந்தார். பார்த்த சனங்கள், முத்தலிப் ஒரு அடிமையை வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்து, ‘முத்தலிபின் அடிமை’ என்றார்கள். அந்தத் தவறான பெயரே நிலைத்தது. ஷைபாவை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இஸ்லாம் வந்தபோது இந்தப் பெயர்களின் முன்பாதியில் கைவைக்கவில்லை. பின்பாதியை மட்டும் மாற்றியது. சூரியனுக்கும் உஸ்ஸாவுக்கும் முத்தலிபுக்கும் இனி மனிதன் அடிமை இல்லை, ஒருவனுக்குத்தான். அடிமைச் சந்தைகள் இருந்த ஒரு உலகத்தில், எஜமானின் இடத்தில் கடவுளின் பெயரை எழுதி வைப்பது சின்ன விஷயமில்லை. அந்த இடத்தை இன்னொருவர் வந்து நிரப்ப முடியாது. ஆகவே அதைக் காலியாக விட்டு ‘அப்துல்’ என்று கூப்பிடும்போது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. காலியாக இருக்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

*

பின்பாதியான காதிர், க-த-ர என்ற மூன்று மெய்களின் வேரிலிருந்து வருவது. அந்த ‘க’ தொண்டையின் அடியிலிருந்து எழுகிற ஒலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை. இந்த வேருக்கு ஆற்றல் என்ற பொருளோடு அளவு என்ற பொருளும் உண்டு. இறைவன் அளந்து வைத்த விதி ‘கதர்’. ரமலானில் வருகிற லைலத்துல் கத்ரு இதே வேர்தான். உருதுவில் தலைவிதிக்குச் சொல்கிற தக்தீரும் முகத்தரும் இதே வேர். அமிதாப் பச்சனின் ‘முகத்தர் கா சிக்கந்தர்’ படத்தின் பெயரில் பாதி என் வாப்பாவின் பெயர் என்று பள்ளியில் பெருமை பேசியிருக்கிறேன். சமையல் பானைக்கு அரபியில் ‘கித்ரு’ என்பார்கள். அதிலும் இந்த மூன்று எழுத்துகள்தான்.

காதிர், கதீர், முக்ததிர் என்று இதே வேரிலிருந்து மூன்று சொற்கள் குர்ஆனில் இறைவனுக்கு வருகின்றன. அதனால் ஒரு மனிதனை வெறும் காதிர் என்று அழைப்பதில் தயக்கம் பழங்காலத்திலிருந்தே உண்டு. 991லிருந்து 1031 வரை பாக்தாதை ஆண்ட அப்பாசிய கலீஃபா காதிர் என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டபோது, ‘காதிர் பில்லாஹ்’, அதாவது அல்லாஹ்வைக் கொண்டு ஆற்றல் பெற்றவன் என்றுதான் வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் மதரஸாவில் ஆலிம்சாவும் இதையே சொல்லித் தந்தார். “காதர்னு கூப்புடாதீங்க, அப்துல் காதிர்னு முழுசாச் சொல்லுங்க. ரஹ்மான்னு கூப்புடாதீங்க, அப்துர் ரஹ்மான்னு சொல்லுங்க.” காதிர் என்பது ‘முடிந்தவன்’ என்ற சாதாரணப் பொருளில் மனிதருக்கும் வரலாம், ரஹ்மான் அப்படி வராது, ஆகவே அதில் இன்னும் கவனம் வேண்டும் என்பார். ‘அப்துல்’ அங்கே ‘அப்துர்’ ஆனதைக் கவனித்திருப்பீர்கள். ரகரத்தின் முன்னால் ‘அல்’லின் லகரம் கரைந்து ரகரமாகிவிடும். நல் + மை நன்மை ஆவதுபோலத்தான். புணர்ச்சி விதி தெரிந்த தமிழனுக்கு அரபி அவ்வளவு அந்நியமில்லை.

பாடம் முடிந்து வெளியே வந்தால் கடைத்தெருவில் நான்கு பேர் ‘காதர் காக்கா’ என்று வாப்பாவைக் கூப்பிடுவார்கள். ஆலிம்சாவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

*

எங்கள் ஊர் கீழக்கரை. இந்தப் பெயர் எங்கள் கடற்கரைக்கு வந்ததற்குக் காரணமானவர் பாக்தாதில் அடங்கியிருக்கிறார். காஸ்பியன் கடலின் தென்கரையில் இருக்கிற கீலான் பகுதியில் பிறந்து, இளவயதில் பாக்தாதுக்குப் படிக்க வந்து, அங்கேயே பெரிய போதகராகி 1166ல் இறந்த அப்துல் காதிர் ஜீலானி. காதிரிய்யா தரீக்கா அவர் பெயரில் வழங்குவது. மார்க்கத்துக்கு உயிர் கொடுத்தவர் என்ற பொருளில் அவருக்கு முஹ்யித்தீன் என்று பட்டம். அதுதான் தமிழில் முகைதீன், மைதீன், மொய்தீன். காதர் மைதீன் என்று ஒருவருக்குப் பெயர் இருந்தால் அது ஒரே மனிதரின் பெயரும் பட்டமும் சேர்ந்தது. நாகூரில் அடங்கியிருக்கிற சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரும் அப்துல் காதிர்தான். அவர் நினைவாக வைத்த பெயர்களும் இந்தக் கணக்கில் சேரும்.

பெயர் வந்ததும் தமிழ் அதைச் சும்மா விடவில்லை. கீழக்கரையில் 17ஆம் நூற்றாண்டில் ஷெய்கு அப்துல் காதிர் என்று ஒரு மரக்காயர் இருந்தார். பெரும் வணிகர், புலவர்களின் புரவலர். ஊர் ஜும்ஆ பள்ளியைக் கட்டியவர், அங்கேயே அடங்கியிருப்பவர். அவர் பெயரைச் சொல்லிச் சொல்லித் தமிழ் நாக்கு தேய்த்த தேய்ப்பில், ஷெய்கு சீ ஆகி, அப்துல் தக் என்று சுருங்கி, காதிரின் ரகரம் உதிர்ந்து, சீதக்காதி ஆனார். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று பழமொழி சொல்கிறவர்களில் பலருக்கு அதற்குள் ஒரு அரபிப் பெயர் முழுதாக உட்கார்ந்திருப்பது தெரியாது.

குணங்குடி மஸ்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலரின் பெயரில் அடிமை பாரசீக வழக்கப்படி ‘குலாம்’ ஆகிறான், காதிர் வல்லின றகரம் போட்டுக்கொள்கிறான்.

இது தமிழ் மட்டும் செய்த வேலையில்லை. பிரெஞ்சுப் படையை எதிர்த்து அல்ஜீரியாவில் போராடிய அமீர் அப்துல் காதிரின் புகழ் அமெரிக்கா வரை போனது. 1846ல் அயோவா மாநிலத்தில் ஒரு ஊர் அமைத்தவர்கள் அவருடைய பெயரை வைத்தார்கள். ஊரின் பெயர் எல்காதர். ‘அப்து’ நீளம் என்று விட்டுவிட்டார்கள்போல. அவர் பெயரால் அமைந்த ஊரில் அவருடைய பாதி இல்லை. 1860ல் டமாஸ்கஸில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் அவர். ஆற்றலைவிட, அடிமை என்ற பாதிதான் அன்று வேலை செய்தது என்று எனக்குத் தோன்றும்.

சீதக்காதியும் எல்காதரும் காதர் காக்காவும் வெட்டுப்பட்ட பெயர்கள்தான். ஆனால் அவற்றைச் சொல்கிற வாய்க்கு, யாரைச் சொல்கிறோம் என்று தெரியும். ஃபார்முக்கு அது தெரியாது. அதனால்தான் ஃபார்ம் பிறகு நம்மிடமே வந்து கேட்கிறது, இது யார் என்று.

*

வாப்பா இறந்தபோது அவருக்கு ஆறு பெயர்கள் இருந்தன.

பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்துல் காதிர். ரேஷன் கார்டில் காதர். வீட்டுப் பத்திரத்தில் சே. அ. காதர். ஆதாரில் அப்துல் காதர். வாக்காளர் பட்டியலில் அப்துல்காதர். பேங்க் பாஸ்புக்கில் காதர் எஸ். துபாயில் 22 வருஷம் மளிகைக்கடையில் நின்ற பாஸ்போர்ட்டில், இயந்திரம் படிக்கிற அந்த அடிவரியில் இடைவெளிக்கு இடம் கிடையாது, அங்கே ஒரு கோணக்குறி விழும். அப்துல், ஒரு கோணக்குறி, காதர். வேலியில் முள் வைத்தமாதிரி.

பேங்கில் கொஞ்சம் பணம் கிடந்தது. நாமினி உம்மாதான். ஆனால் இறப்புச் சான்றிதழில் இருப்பவரும் கணக்கில் இருப்பவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்றார்கள். நான் இதற்காகத்தான் சம்பளம் வாங்குகிறேன். இரண்டு பதிவுகளும் ஒரே ஆள்தானா என்று சொல்கிற நிரலை எழுதுகிறவன். அங்கே கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றபோது என் கையில் ஒன்றும் இல்லை.

உம்மா இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாள் முடிந்ததும், முத்திரைத்தாளில் உறுதிமொழி தயாரித்தோம். பத்திர எழுத்தர் பழகிய கையால் எழுதினார். காதர் என்கிற அப்துல் காதர் என்கிற அப்துல் காதிர் என்கிற சே. அ. காதர் ஆகிய அனைவரும் ஒரே நபரே. ‘என்கிற’ என்ற அந்தச் சொல்மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை வந்தது. எங்கள் மென்பொருளில் அப்படி ஒரு ஃபீல்டு கிடையாது.

கையெழுத்துப் போடும் முன் அதிகாரி கேட்டார். “உங்க வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா.”

உம்மா சும்மா இருந்தார்.

எங்கள் வீட்டில் உம்மா ஒருநாளும் வாப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. ‘அவங்க’, ‘புள்ளைங்க வாப்பா’, இல்லையென்றால் ஒரு இருமல். ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவார், நான் சொல்வேன். இப்போதும் நான் வாயைத் திறந்தேன். அதிகாரி கையை உயர்த்தினார். “அவங்க சொல்லணும் தம்பி.”

உம்மா முக்காட்டைச் சரிசெய்தார். குனிந்துகொண்டு சொன்னார்: “அப்துல் காதிர்.”

அந்த ககரம் தொண்டையின் அடியிலிருந்து வந்தது. லகரம் காதிரோடு ஒட்டி வந்தது. நடுவில் இடைவெளியே இல்லை. மௌலிதில் அந்தப் பெயரை எத்தனையோ இரவுகள் ஓதிய குரல். ஊரே காதர் காக்கா என்று தேய்த்துப் புழங்கிய பெயரை உம்மா 41 வருஷம் புழங்காமலே வைத்திருந்தார். அதனால் அது தேயவில்லை.

அதிகாரி தாளைப் பார்த்தார். “காதரா காதிராம்மா?”

“ரெண்டும் அவங்கதான்” என்றார் உம்மா.

*

அடக்கம் செய்த அன்று நடந்ததை நான் பிறகுதான் யோசித்தேன். எங்கள் பக்கம் ஷாஃபி மத்ஹபு. மண் தள்ளி முடித்ததும் கப்ரின் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதுவார்கள். விசாரிக்க வருகிற வானவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மைய்யித்துக்கு நினைவூட்டுவது. அதில் இறந்தவரை அழைக்கும் வாசகம் ஒன்று உண்டு. அல்லாஹ்வின் அடிமையே, அல்லாஹ்வுடைய அடிமைப் பெண்ணின் மகனே, என்ற பொருளில் வரும். பணக்காரர், ஏழை, ஆலிம், கடைக்காரர், எல்லாருக்கும் அங்கே அதே விளிதான். ஆறு பெயரும் ஆறு எழுத்துக்கூட்டலும் அங்கே கேட்கப்படுவதில்லை. பெயரின் மீதி எல்லாம் போய் எல்லோரும் விட்டுவிடுகிற அந்த முன்பாதி, ‘அப்து’, மட்டும் மிஞ்சுகிறது. அதுவும் தனியாக இல்லை, உடையவனின் பெயரோடு.

இன்னொன்றையும் கவனித்தேன். விளிக்கும்போது அந்தச் சொல் ‘அப்து’ என்று வராது, ‘அப்த’ என்று வரும். அரபியில் இப்படிச் சேர்ந்து நிற்கிற சொல்லைக் கூப்பிட்டால் ‘உ’ போய் ‘அ’ ஆகிவிடும். பாஸ்போர்ட்டிலும் பாஸ்புக்கிலும் இருப்பது வாப்பாவைப் பற்றிப் பேசுகிற பெயர். அவரைக் கூப்பிடுகிற பெயர் கொஞ்சம் வேறு. நம் இலக்கணத்தில் விளியை எட்டாம் வேற்றுமையாகக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

*

போன வருஷம் எங்களுக்கு மகன் பிறந்தான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது எல்லோரும் சின்னதாக, ஒரே சொல்லாக, எந்த ஃபார்மிலும் சிக்காத பெயராகத் தேடுகிறார்கள். ரய்யான், அயான், ஸயான். நல்ல பெயர்கள்தான். என் மனைவியும் அப்படி ஒன்றைத்தான் நினைத்திருந்தாள்.

“ஸ்கூல்ல அவனை அப்துல்னு கூப்புடுவாங்க. நாளைக்கு வெளிநாட்டுக்குப் போனா அதுக்கும் மேல. அந்தப் பேருக்குன்னே சிலர் வேற மாதிரி பாக்குறாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். ஏர்போர்ட்டில் ‘இதே பெயரில் இன்னொருவர்’ என்று என்னை ஒதுக்கி உட்காரவைத்த மணிநேரங்கள் எனக்குத் தெரியும். குழந்தைக்கு ஒரு சுமையைக் கொடுக்கிறோமா என்று அவள் கேட்பதில் நியாயம் இருந்தது. இரண்டு மாதம் அதைப் பேசினோம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவுசெய்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம் என்பதால் நேரமும் இருந்தது.

ஒருநாள் அவளே கேட்டாள். “மத்த ஊர்ல எல்லாம் எப்படி எழுதுறாங்க?” துருக்கியில் அப்துல்காதிர் என்று ஒரே சொல். அல்ஜீரியாவில் பிரெஞ்சு எழுத்தில் அப்தெல்காதெர், அதுவும் ஒரே சொல். சோமாலியாவிலும் சேர்த்துத்தான். உடைந்து போகிறது நம் பக்கத்தில்தான். “அப்ப சேத்து எழுதுங்க. மூணு பேரா அவனைப் பிரிக்க வேணாம்” என்றாள்.

விண்ணப்பத்தில் அப்துல்காதிர் என்று எழுதினேன். கணினியில் ஏற்றிய பெண், பழக்கத்தில் நடுவே ஸ்பேஸ் தட்டினாள். “அது வேணாங்க” என்றேன். பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினாள். அவ்வளவுதான் வேலை.

சான்றிதழைக் கொண்டுவந்து உம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு தொட்டிலுக்குப் போய்க் குனிந்து, “மீரான், என் வாப்பா” என்றார். நாகூராருக்கு வழங்குகிற பெயர்களில் ஒன்று மீரான் சாகிபு. அவங்க பெயரை எப்படி வாய்விட்டுச் சொல்லி அவனைக் கூப்பிடுவது?

இப்போது வீட்டில் எல்லோருக்கும் அவன் மீரான்தான்.